பழைய குடும்பக் காகிதக் கட்டை முதன்முதலாக அவிழ்ப்பவருக்கு

ஆவணக் காப்பகத்துக்கு முதல்முறை வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு பெயரோடு வருகிறார்கள். கொள்ளுத்தாத்தா பெயர், ஊர்ப் பெயர், 'அந்தக் காலத்தில் நமக்கு ஏகப்பட்ட நிலம் இருந்ததாம்' என்று பாட்டி சொன்ன ஒரு வரி. கட்டு மேசைக்கு வந்ததும் அந்தப் பெயரைத் தேடி ஒவ்வொரு ஏடாகத் தள்ளிக்கொண்டே போவார்கள். பெயர் கண்ணில் பட்ட தாளை மட்டும் படம் எடுத்துக்கொண்டு மற்றதை மூடிவிடுவார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். அதில் வீணாகப் போன நாட்களை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது.

குடும்பக் காகிதங்களில் ஒற்றைத் தாளை வைத்துக்கொண்டு ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. ஒரு கடன் சீட்டு, ஓர் ஒத்திப் பத்திரம், ஒரு கிரையச் சாசனம் மூன்றும் ஒரே கயிற்றில் கிடந்தால், அப்படிக் கட்டியவருக்கு ஒரு காரணம் இருந்திருக்கும். அந்தக் காரணத்தைப் பிடித்துவிட்டால் பெயர் தானாக வந்து நிற்கும். தமிழகக் காப்பகங்களில் இருக்கும் ஓலை, காகிதக் குடும்ப ஆவணங்களை அந்த வழியில் எப்படிப் பார்ப்பது என்பதைப் புதிதாக வருபவருக்காக எழுதுகிறேன்.

வீட்டிலேயே முடிக்க வேண்டியது

முதலில் ஒரு வம்சாவளி வரைந்துகொள்ளுங்கள். பெரிய தாளில், இடம் விட்டு, பென்சிலால். நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பதும் வழக்கம். அதனால் நூறு வருடக் கட்டு ஒன்றில் 'இராமசாமி மகன் முத்துசாமி', 'முத்துசாமி மகன் இராமசாமி' என்று மாறி மாறி வந்துகொண்டே இருக்கும். பெயரை வைத்து ஆளைப் பிரிக்க முடியாது. தகப்பன் பெயரும் வருடமும் சேர்ந்தால்தான் ஆள்.

பெரியவர்களிடம் 'நம் வரலாறு என்ன' என்று கேட்டால் கதை வரும். குறிப்பாகக் கேட்டால்தான் தகவல் வரும்: குலதெய்வக் கோவில் எந்த ஊர், வீட்டுக்கு ஏதாவது பட்டப்பெயர் உண்டா, பெண் எடுத்த ஊர் எது, கொடுத்த ஊர் எது, கடைசியாக விற்ற நிலத்துக்கு என்ன பெயர். நிலத்தின் பெயர் மிக முக்கியம். சர்வே எண் வருவதற்கு முன்னால் வயலுக்கெல்லாம் பெயர்தான் முகவரி.

ஊர்ப் பெயரையும் பல வடிவங்களில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். கம்பெனி காலத்து ஆங்கிலப் பதிவுகளில் திருச்சிராப்பள்ளி 'டிரிச்சினாப்பொலி', திருநெல்வேலி 'டின்னவெல்லி', தூத்துக்குடி 'டூட்டிக்கொரின்'. மயிலாடுதுறையை மாயூரம், மாயவரம் என்று தேடினால்தான் கிடைக்கும். மாவட்ட எல்லைகளும் பலமுறை மாறிவிட்டன. இன்றைய விழுப்புரம், கடலூர் ஊர்கள் அன்றைய தென்னாற்காட்டில் இருக்கும்.

எந்தக் காகிதம் எங்கே

சென்னை எழும்பூரில் 1909 முதல் அதே செங்கல் கட்டடத்தில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகம், அரசு வைத்திருந்த காகிதங்களின் இடம். பழைய பெயர் மெட்ராஸ் ரெக்கார்டு ஆபீஸ். அரசாணைகள், வருவாய் வாரியத்தின் நடவடிக்கைகள், மாவட்டப் பதிவுகள் எல்லாம் அங்கே. குடும்பம் தேடுகிறவர் அங்கே முதலில் கேட்க வேண்டியது இனாம் பதிவேடு. 1858இல் அமைந்த இனாம் ஆணையம் ஒவ்வொரு மானிய நிலத்துக்கும் யார் அனுபவிக்கிறார், எப்போது யார் கொடுத்தது, வாரிசு யார் என்று விசாரித்து எழுதி வைத்தது. முன்னோர் கோவில் ஊழியமோ, கிராம ஊழியமோ, வேறு மானியமோ பெற்றிருந்தால் அவர்களின் வயது, உறவுமுறை உட்பட அதில் கிடைக்க வாய்ப்பு உண்டு.

சுவடி என்றால் சென்னையில் 1869இல் தொடங்கிய அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம். கம்பெனியின் நில அளவையாளர் காலின் மெக்கன்சி சேகரித்த, கைபீது எனப்படும் ஊர் வரலாறுகள் அங்கே இருக்கின்றன. தஞ்சாவூர்ப் பக்கத்துக் குடும்பம் என்றால் சரசுவதி மகால் நூலகம், தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் ஓலைச்சுவடித் துறை இரண்டையும் விசாரியுங்கள். மராட்டிய அரசர்கள் காலத்துக் கணக்குகள் மோடி என்ற பழைய மராட்டி எழுத்தில் இருப்பவை. அவற்றைப் படிக்கத் தெரிந்தவர் அரிது. சில மாவட்டங்களில் ஆவணக் காப்பகத்தின் கிளை மையங்களும் உண்டு.

குடும்பங்களின் கையிலேயே இருந்த பத்திரங்களுக்குத்தான் ஒரே இடம் என்று கிடையாது. புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியோடு, 1650 முதல் 1950 வரையிலான தமிழக வேளாண் வரலாற்று ஆவணங்களை வீடு வீடாகத் தேடிப் படமாக்கியது. நீங்கள் தேடும் குடும்பம் அதில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அந்தத் திட்டம் இணையத்தில் வைத்திருக்கும் படங்கள் படித்துப் பழகுவதற்கு நல்ல பாடம். காப்பகத்தில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிக்கொண்டிருப்பதை விட வீட்டில் பெரிதாக்கிப் பார்த்துத் தடுமாறுவது மேல்.

உள்ளே நுழைவது

இதற்கு நிறைய எழுத வேண்டியதில்லை. முன்கூட்டியே தொலைபேசியில் கேளுங்கள். அனுமதிக் கடிதம் வேண்டுமா, படம் எடுக்கலாமா, ஒரு நாளைக்கு எத்தனை கட்டுகள் கொடுப்பார்கள், எந்த நாட்கள் விடுமுறை என்ற நான்கு கேள்விகள் போதும். இடத்துக்கு இடம் விதி மாறும். அடையாள அட்டை, அதன் நகல், பென்சில், கோடு போடாத நோட்டு, கைலென்ஸ் எடுத்துச் செல்லுங்கள். பேனாவைப் பையிலேயே வைத்துவிடுங்கள். தண்ணீர் பாட்டிலையும்தான்.

தேடுகருவி என்று காப்பகத்தார் சொல்வது அட்டவணை, பட்டியல், விளக்க அட்டவணை எல்லாவற்றையும் சேர்த்து. அதில் கட்டுக்கு ஒரு வரிதான் இருக்கும்: 'நில விற்பனை தொடர்பான ஓலைகள், 43' என்பது போல. அந்த ஒரு வரியை நம்பி 'நமக்கு வேண்டியது இதில் இல்லை' என்று முடிவு செய்யாதீர்கள். வரி எழுதியவர் நாற்பத்துமூன்றையும் படித்திருக்க மாட்டார். கோரிக்கைச் சீட்டில் எண்ணைப் பிழையில்லாமல் எழுதுங்கள். ஓர் இலக்கம் தவறினால் அரைநாள் போய்விடும்.

கட்டை அவிழ்க்கும் முன்

கட்டு வந்ததும் கை அரிக்கும். ஐந்து நிமிடம் பொறுங்கள்.

கட்டியிருக்கும் விதத்தைப் பாருங்கள். துணியா, கயிறா, இரண்டு பக்கமும் மரச்சட்டமா, முடிச்சு எங்கே இருக்கிறது. அனுமதி இருந்தால் ஒரு படம் எடுங்கள், இல்லையென்றால் நோட்டில் வரையுங்கள். திருப்பிக் கட்டும்போது இது வேண்டும். அப்புறம் வெளிப்பக்கத்தில் யாராவது எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். மேலட்டையில் ஒரு மூலையில் 'மேலத்தெரு வீட்டு காகிதம்' என்று இருந்தால் அது எந்த அட்டவணையிலும் ஏறியிருக்காது. ஆனால் கட்டுக்குள் இருக்கும் அத்தனைக்கும் அதுதான் தலைப்பு.

அவிழ்த்ததும், படிக்காமல், மேலிருந்து கீழ் வரை எண்ணிக்கொண்டு வாருங்கள். ஒவ்வொன்றுக்கும் நோட்டில் ஒரு வரி: 1, ஓலை, ஒற்றை ஏடு. 2, ஓலை, முனை ஒடிந்தது. 3, முத்திரைத் தாள், நான்காக மடித்தது. 4, துண்டுக் காகிதம், கணக்கு. அவ்வளவுதான். இந்த எண்தான் இனிமேல் உங்கள் குறிப்புகள் எல்லாவற்றுக்கும் அடிப்படை. காகிதங்களை வருட வாரியாக அடுக்கிப் பார்க்கலாமே என்று தோன்றும். அடுக்காதீர்கள். நோட்டில் அடுக்குங்கள், மேசையில் வேண்டாம்.

ஏன் இப்படி வற்புறுத்துகிறேன் என்றால், நான் பார்த்த ஒரு கட்டில் இரண்டு பத்திரங்களுக்கு நடுவே விரல் நீளத்துக்கு ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. அதில் வெறும் நெல் கணக்கு. பெயர்கூட இல்லை. அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுப் பத்திரங்களை மட்டும் குறித்துக்கொண்டு வந்தேன். சில மாதம் கழித்து வீட்டில் உட்கார்ந்து படித்தபோதுதான், முதல் பத்திரத்தில் வாங்கிய கடனுக்கு வருடா வருடம் நெல்லாகக் கட்டிய வட்டிக் கணக்கு அது என்று உறைத்தது. எந்த இரண்டு தாள்களுக்கு நடுவே இருந்தது என்பதை நான் குறிக்கவில்லை. திரும்பப் போய்க் கேட்டபோது கட்டு பராமரிப்புக்குப் போயிருந்தது.

கையாளுவதில் சில விஷயங்கள் சொல்ல வேண்டும். கையைக் கழுவி, ஈரம் போகத் துடைத்துக்கொண்டு தொடுங்கள். கையுறை பெரும்பாலும் வேண்டியதில்லை. துணியில் ஓலையின் பிசிறு மாட்டி ஒடிவதுதான் நடக்கும். காப்பகத்தார் சொன்னால் மட்டும் போடுங்கள். ஓலையை இரண்டு கையாலும், நீளவாக்கில் தாங்கி எடுக்க வேண்டும். ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினால் கயிறு கோத்த துளையில் கிழியும். சுருட்டி வைத்த ஓலை இறுகியிருந்தால் நீங்களாக விரிக்காதீர்கள், பணியாளரிடம் சொல்லுங்கள். எழுத்து தெரியவில்லை என்று மையோ எண்ணெயோ தடவுவது அவர்கள் வேலை. விளக்குக்கரி பூசுவதும், எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவுவதும் பழகிய கைகள் செய்கிற காரியம். உங்களுக்கு உள்ள வழி வெளிச்சத்தைச் சாய்ப்பது. எழுத்தாணி கீறிய பள்ளம் பக்கவாட்டு வெளிச்சத்தில் நிழல் விழுந்து நன்றாகத் தெரியும்.

முதலில் தேதி

எழுத்தைப் படிக்கும் முன்பே தேதியைப் பிடிக்கப் பழகுங்கள். அது எங்கே இருக்கும் என்பது உறுதி: பத்திரத்தின் முதல் வரி. பிள்ளையார் சுழிக்கு அப்புறம் 'ஸ்வஸ்திஸ்ரீ விசையாப்புதய சாலிவாகன சகாப்தம் 1760க்கு மேல் செல்லாநின்ற விளம்பி வருஷம் தை மாதம்' என்ற மாதிரி தொடங்கும். எண்களும் வருடப் பெயர்களும் குறைந்த அளவே என்பதால் பழகுவது எளிது.

ஆங்கில ஆண்டுக்கு மாற்ற ஐந்து கணக்குகள் தெரிந்தால் போதும். சக ஆண்டோடு 78 கூட்டுங்கள். கலியுக ஆண்டிலிருந்து 3101 கழியுங்கள். பசலி என்ற வருவாய்க் கணக்கு ஆண்டோடு 590 கூட்டினால் அந்தப் பசலி தொடங்கும் ஆங்கில ஆண்டு வரும். பசலி ஜூலையில் தொடங்கி அடுத்த ஜூனில் முடியும். திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பக்கத்து ஆவணங்களில் கொல்லம் ஆண்டு வரும். அது ஆவணியில் பிறக்கும், ஆவணி முதல் மார்கழி வரை 824, தை முதல் ஆடி வரை 825 கூட்ட வேண்டும். ஐந்தாவது, அறுபது வருடச் சுற்று. பிரபவ 1747, 1807, 1867, 1927, 1987 ஆகிய ஆண்டுகளில் சித்திரையில் பிறந்தது. அதிலிருந்து எண்ணிக்கொண்டு போகலாம்.

விளம்பி என்று மட்டும் இருந்தால் 1778ஆக இருக்கலாம், 1838ஆக இருக்கலாம், 1898ஆகவும் இருக்கலாம். சகம் 1760 என்றால் 1838. இரண்டும் பொருந்துகின்றன. அதே ஓலையில் கலி 4939 என்று இருந்தால் அதுவும் 1838. ஆனால் மாதம் தை. விளம்பி சித்திரையில் பிறந்தது 1838 ஏப்ரலில். அதன் தை மாதம் வரும்போது ஆங்கில ஆண்டு 1839 ஆகிவிட்டது. தை, மாசி, பங்குனி மூன்றுக்கும் ஒரு வருடம் கூட்ட வேண்டும். புதிதாக வருபவர் செய்யும் தேதிப் பிழைகளில் பாதி இந்த மூன்று மாதத்தில்தான்.

சகமும் வருடப் பெயரும் ஒரு வருடம் தள்ளி நின்றால் பதறாதீர்கள். சில எழுத்தர்கள் கழிந்த ஆண்டையும் சிலர் நடப்பு ஆண்டையும் எழுதினார்கள். அதற்கும் மேல் தள்ளினால் எண்ணை நீங்கள் தப்பாகப் படித்திருக்கிறீர்கள், அல்லது அது பிற்காலத்தில் எழுதிய பிரதி. பிரதி என்றால் ஒதுக்க வேண்டாம். ஒரு குடும்பம் எந்தப் பத்திரத்தை மெனக்கெட்டுப் பிரதி எடுத்து வைத்தது என்பதே ஒரு செய்தி. பெரும்பாலும் பின்னால் ஒரு வழக்கு இருக்கும்.

கம்பெனியின் ஆங்கிலப் பதிவுகளில் 1752 செப்டம்பருக்கு முந்தைய தேதிகள் பழைய நாட்காட்டிப்படி இருக்கும். 1751 வரை புது வருடம் மார்ச் 25ஆம் தேதிதான் பிறக்கும். அந்தக் காலத்து ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரையிலான தேதிகளை 1750/51 என்பது போல இரட்டை ஆண்டாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

எழுத்து

ஓலையில் புள்ளி வைக்க மாட்டார்கள். புள்ளி குத்தினால் ஓலை கிழியும். நெடிலுக்கும் குறிலுக்கும் எ, ஒ வரிசையில் வேறுபாடு இருக்காது. இன்று நாம் எழுதும் ஏ, ஓ வடிவங்களை ஒழுங்கு செய்தவர் வீரமாமுனிவர் என்பார்கள். அவர் இறந்தது 1747இல். ஆனால் அதற்குப் பின்னரும் ஊர்க் கணக்கர்களின் எழுத்தாணி பழைய வழியிலேயே போனது. துணைக்கால் ரகரம் மாதிரியே இருக்கும். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி கிடையாது.

ஆக, ஓலையில் உங்கள் கண்ணுக்குத் தெரிவது இது:

பொனபெறறுககொணடென

இதை எழுத்துக் கூட்டினால் ஒன்றும் வராது. வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒரு மெய்யை மனசுக்குள் புள்ளி வைத்துச் சொல்லிப் பார்த்து, அடுத்ததற்குப் போங்கள். 'பொன் பெற்றுக்கொண்டேன்'. பணத்தை வாங்கிக்கொண்டதாகச் சொல்லும் வாசகம். ஒரு முறை பிடிபட்டதும், அதே வாசகம் அடுத்த இருபது ஓலைகளில் எங்கே இருந்தாலும் கண்ணில் படும்.

முதல் நாளில் முழு ஓலையையும் படிக்க முயலாதீர்கள். படிக்க முடிந்த எழுத்துகளை மட்டும் நோட்டில் அதே வரி முறிவோடு எழுதுங்கள், தெரியாததற்குப் பக்கத்தில் ஒரு கோடு போடுங்கள். தெரிந்த சொல்லிலிருந்து எழுதியவரின் 'க' எப்படி இருக்கிறது, 'ச' எப்படி இருக்கிறது என்று ஒரு பட்டியல் வரையுங்கள். ஒவ்வொரு கைக்கும் ஒரு பட்டியல். கட்டில் பத்துப் பத்திரங்கள் இருந்தாலும் எழுதியவர்கள் இரண்டு மூன்று பேராகத்தான் இருப்பார்கள், ஊர்க் கணக்குப்பிள்ளையும் அவர் வாரிசும். கடைசி வரிகளில் 'இந்தச் சாசனம் எழுதினேன்' என்று பெயரும் இருக்கும்.

காகிதத்தில் எழுத்து வேறு வகையில் படுத்தும். கணக்கர்கள் இறகாலும் இரும்பு நிப்பாலும் கை எடுக்காமல் ஓட்டியிருப்பார்கள். சுருக்கக் குறிகள் நிறைய. ௵ என்றால் வருடம், ௴ மாதம், ௳ நாள், ௸ மேற்படி, ௹ ரூபாய். 'ம.ரா.ரா.ஸ்ரீ' என்று பெயருக்கு முன்னால் இருப்பதை முதலெழுத்து என்று நினைத்து ஒருவர் தன் முன்னோருக்கு நான்கு தலைமுறை சேர்த்துவிட்டார். அது மகாராஜராஜஸ்ரீ. இன்றைய 'திரு' செய்யும் வேலையை அது செய்தது, ராஜாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

எண்ணும் அளவும்

தமிழ் எண்களில் எழுத்தும் எண்ணும் ஒன்றுபோல இருக்கும். ௧ ககரம் போல, ௨ உகரம் போல, ௭ எகரம் போல, ௮ அகரம் போல. கால் என்பதற்கான குறி வகரம் போல. 'எட்டேகால் லட்சணம்' என்று கிண்டல் செய்வது அவலட்சணத்தைத்தான் என்பது இதிலிருந்து வந்தது. பழைய முறையில் சுழியம் இல்லை. பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று குறி உண்டு. 1838ஐ ௲௮௱௩௰௮ என்று எழுதுவார்கள். ஆயிரத்து எட்டு நூற்று முப்பத்தெட்டு என்று வாயால் சொல்லுவதை அப்படியே எழுதுவதுதான்.

பின்னங்கள்தான் கட்டுகளைப் புரியாமல் செய்பவை. அரைக்கால் எட்டில் ஒன்று, மாகாணி பதினாறில் ஒன்று, மா இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி முந்நூற்று இருபதில் ஒன்று. ஒரு கிணற்றில் அரைக்கால் பங்கு விற்றார்கள் என்று படித்தால், அதற்கு முன்னால் மூன்று தலைமுறை பாகப்பிரிவினை நடந்திருக்கிறது என்று ஊகிக்கலாம். பாதி, கால், அரைக்கால். பங்கின் பின்னமே வம்சாவளிக்குத் துப்பு. காப்பகத்தில் எனக்கு மிகவும் பிடித்த துப்பு இதுதான்.

நில அளவு ஊருக்கு ஊர் மாறும். தஞ்சைப் பக்கம் நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. வேலி ஏறத்தாழ 6.67 ஏக்கர். செங்கல்பட்டுப் பக்கத்துக் காணி 1.32 ஏக்கர். குழி என்பது அளந்த கோலின் நீளத்தைப் பொறுத்தது, அதனால் 'எந்தக் கோல்' என்று பத்திரத்தில் இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். பணம் என்றால், பழைய ஓலைகளில் வராகன், பணம், காசு. சென்னை மாகாணத்தில் ரூபாய் நிலைபெற்றது 1818 முதல். நூறு வராகனுக்கு 350 ரூபாய் என்று மாற்று வைத்தார்கள். அப்புறம் ரூபாய்க்குப் பதினாறு அணா, அணாவுக்குப் பன்னிரண்டு பை. புதுக்காசு வந்தது 1957இல். அந்தத் தொகையை இன்றைய விலைக்கு மாற்றிப் பார்க்கும் ஆசையை விட்டுவிடுங்கள். அதே கட்டில் அதே வருடத்து நெல் விலை இருந்தால் அதோடு ஒப்பிடுங்கள்.

பத்திரம் போகும் வழி

பழைய பத்திரங்கள் ஒரே அச்சில் வார்த்தவை. தேதி, எழுதிக்கொடுப்பவர், வாங்குபவர், காரணம், நிலத்தின் நான்கெல்லை, தொகை, உரிமை, சாட்சிகள். நடுவில் 'புத்திர பவுத்திர பாரம்பரியமாய்', 'தானாதி வினிமய விக்கிரயங்களுக்கு யோக்கியமாய்' என்று நீண்ட வாய்பாடு வரும். பிள்ளை, பேரன் வரை அனுபவிக்கலாம், தானம் செய்யலாம், மாற்றலாம், விற்கலாம் என்று பொருள். அதை ஒருமுறை புரிந்துகொண்டு, அடுத்த தடவை தாண்டிப் போகலாம்.

தாண்டக் கூடாதவை இரண்டு. ஒன்று நான்கெல்லை. 'இன்னார் நிலத்துக்குக் கிழக்கு, வாய்க்காலுக்குத் தெற்கு' என்று வரும்போது பக்கத்து நிலக்காரர் பெயர் கிடைக்கிறது. பல நேரம் அவர் பங்காளி. இன்னொன்று சாட்சி. பெயருக்குப் பக்கத்தில் ஒரு கீறலோ, சிலுவைக் குறியோ, ஒரு சிறு படமோ இருக்கும். எழுதத் தெரியாதவர் கைக்கீறல் அது. பெண்கள் பெயர் நடுவில் வராமல் இங்கேதான் முதலில் தென்படுவதும் உண்டு. விதவைத் தாயார் மைனர் பிள்ளைக்காகச் சம்மதம் கொடுத்திருப்பார். மகளுக்குக் கொடுத்த மஞ்சள்காணி பற்றிய ஓலை கிடைத்தால், அதுவரை கிளையே இல்லாமலிருந்த ஒரு பெண் வழி உங்கள் வரைபடத்தில் சேரும்.

காரணத்தையும் கவனியுங்கள். பத்திரத்தின் பெயர் அதைச் சொல்லும். ஒத்தி என்றால் நிலத்தை ஒப்படைத்துப் பணம் வாங்கியது, திருப்பலாம். விக்கிரயம், கிரையம் என்றால் விற்றாகிவிட்டது. முச்சலிக்கா என்றால் ஒருவர் ஒப்புக்கொண்டு எழுதிக்கொடுத்த கட்டுப்பாடு. ஒரே நிலத்துக்கு விளம்பி தையில் ஒரு கடன் சீட்டு, பிலவ வருடம் ஓர் ஒத்தி, குரோதியில் ஒரு கிரையம் என்று வரிசையாகக் கிடந்தால், 1839இல் கைநீட்டிய குடும்பம் 1841இல் நிலத்தை ஒப்படைத்து, 1844இல் அதை இழந்திருக்கிறது. இந்த மூன்றையும் தனித்தனியாக எடுத்துப் பார்த்தவருக்கு மூன்று சாதாரணப் பத்திரங்கள்தான் தெரியும்.

முத்திரைத் தாளாக இருந்தால் பின்பக்கத்தைத் திருப்பாமல் விடாதீர்கள். அந்தத் தாளை விற்ற நாள், வாங்கியவர் பெயர், தாள் விற்ற வெண்டர் கையெழுத்து அங்கே இருக்கும். 1864இல் பதிவுச் சட்டம் வந்த பிறகான பத்திரங்களில் பதிவு எண், புத்தகம், பக்கம் எல்லாம் பின்னால் எழுதியிருப்பார்கள். அந்த எண்ணைக் குறித்துக்கொண்டால் உரிய சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் கேட்டுப் பார்க்கலாம்.

குறிப்பு எடுப்பது

படம் எடுக்க அனுமதி உண்டென்றால், ஒவ்வொரு படத்திலும் கட்டு எண்ணும் நீங்கள் கொடுத்த வரிசை எண்ணும் எழுதிய துண்டுத் தாள் ஓரத்தில் தெரியட்டும். முன்பக்கம், பின்பக்கம் இரண்டும். வெற்றுப் பின்பக்கம் என்றாலும் எடுங்கள், வெற்று என்பதும் தகவல். இருந்த எழுத்தை இருந்தபடி ஒரு பத்தியிலும், புள்ளி வைத்துப் பிரித்ததை அடுத்த பத்தியிலும் எழுதுங்கள். இரண்டையும் கலந்துவிட்டால் ஆறு மாதம் கழித்து எது ஓலை, எது உங்கள் ஊகம் என்று தெரியாது.

கிடைக்காததையும் எழுதி வைக்க வேண்டும். 'கட்டு 1840 வரை போகிறது, பின் 1852இல் தொடங்குகிறது.' இடைப்பட்ட பன்னிரண்டு வருடம் எங்கே என்ற கேள்வி இன்னொரு காப்பகத்துக்கு வழி காட்டும். குடும்பக் காகிதம் எங்கே போய்த் தங்கும் என்று சொல்ல முடியாது. புதுச்சேரியில் 1736 முதல் நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப்பிள்ளை 1761இல் இறந்தார். அந்தக் குறிப்பேடுகள் வெளியுலகுக்குத் தெரியவந்தது 1846இல், அவர் குடும்பத்தார் வீட்டில். எண்பத்தைந்து வருடம் அங்கேயே இருந்திருக்கின்றன.

வீட்டுப் பெட்டி

காப்பகத்துக்குப் போய்வந்த பிறகு உங்கள் வீட்டுப் பரண் வேறு மாதிரி தெரியும். தாத்தாவின் தகரப் பெட்டியைத் திறந்தால், இந்த வரிசை: முதலில் படம் எடுங்கள், திறந்தபடி, எதையும் தொடாமல். அப்புறம் மேலிருந்து கீழாக எண்ணிடுங்கள். எண்ணைக் காகிதத்தில் எழுதாமல் அதற்குப் போடும் உறையில் மென்மையான பென்சிலால் எழுதுங்கள். செலோடேப் ஒட்டாதீர்கள், லேமினேஷன் கடைக்குக் கொண்டுபோகாதீர்கள். இரும்பு குண்டூசியும் கிளிப்பும் துருப்பிடித்திருந்தால் பதமாகக் கழற்றி, எந்தெந்தத் தாள்களை அவை பிடித்திருந்தன என்று எழுதிவிடுங்கள். செல்லரித்த தாளை வெயிலில் காயவைப்பது தவறு. நிழலில் காற்றாட விட்டு, நல்ல தாளிலிருந்து பிரித்து வையுங்கள்.

காப்பகத்துக்குக் கொடுக்கலாமா என்றால், கொடுக்கும் முன் எழுத்தில் மூன்று விஷயம் கேட்டு வாங்குங்கள்: யாருடைய உடைமையாக இருக்கும், யார் பார்க்கலாம், உங்களுக்குப் படம் கிடைக்குமா. பங்காளி வழக்கு ஏதாவது இன்னும் நடக்கிறது என்றால் வழக்கறிஞரைக் கேட்காமல் மூலப் பத்திரத்தைக் கையை விட்டு அனுப்பாதீர்கள். கொடுக்க மனம் வராவிட்டால் படமாக மட்டும் எடுத்துக்கொள்ளச் சொல்லலாம். அழைத்தால் வீட்டுக்கே வந்து எடுக்கும் நிறுவனங்களும் இருக்கின்றன.

கொடுத்தாலும் வைத்துக்கொண்டாலும், பெட்டியில் ஒரு மஞ்சள் பை தனியாக இருந்து அதற்குள் ஏழு காகிதம் இருந்தால், அந்த ஏழையும் புதிய உறைகளில் போட்ட பிறகும் 'மஞ்சள் பையில் இருந்தவை' என்று எல்லா உறைகளிலும் எழுதிவிடுங்கள். பையையும் தூக்கிப் போடாதீர்கள். அதன் மேல் அச்சடித்திருக்கும் கடைப் பெயரிலிருந்து, அதைக் கடைசியாகத் திறந்து மூடியது எந்தக் காலத்தில் என்று ஓரளவுக்குக் கண்டுபிடித்துவிடலாம்.